பூவா தலையா போட்டுப் பிரித்த சிறுவர்கள்

உதவி பெற்ற 325 சிறுவர்களில் 96 பேர் நீதிமன்றப் படி ஏறினார்கள். உதவி பெறாத 325 சிறுவர்களில் 92 பேர் ஏறினார்கள். முதல் கூட்டத்தின் மேல் பதிவான குற்றங்கள் 264, இரண்டாம் கூட்டத்தின் மேல் 218. சிறுவர்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுக்க நடந்த ஒரு சமூகப்பணித் திட்டத்தைப் பற்றி 1951இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கையின் கணக்கு இது. பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கிய உழைப்பு இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிட்டது.

சமூகப்பணி ஆய்வைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நாம் தொடங்கும் இடம் வேறு. ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்தெடுத்தல், முன்னாய்வுகளைப் படித்தல், கருதுகோள், மாதிரி எடுத்தல், தரவு திரட்டல், பகுப்பாய்வு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவோம். மாணவர்களும் அதே வரிசையில் ஐந்து அத்தியாயம் எழுதி, ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு படியும் எதற்காக அங்கே இருக்கிறது, அதைத் தாண்டிக் குதித்தால் எங்கே போய் விழுவோம் என்பது மட்டும் பலருக்கும் விளங்கியிருக்காது. அதை விளங்க வைக்க எனக்குத் தெரிந்து கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வை விடப் பொருத்தமான நிகழ்வு இல்லை. பாஸ்டன் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களில், 1935இல் திட்டமிடப்பட்டு 1945இல் முடிந்த வேலை அது. முடிந்தது என்று சொன்னது வேலை மட்டும்தான். ஆய்வு அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

மருத்துவர் கேட்ட கேள்வி

ரிச்சர்ட் கிளார்க் காபட் பாஸ்டன் மருத்துவர், ஹார்வர்டு பேராசிரியர். 1905இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள் சமூகப்பணியாளர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் அவர்தான். ஆகவே சமூகப்பணிக்கு அவர் வெளியாள் அல்ல; ஆனாலும் அந்தத் துறையின் பழக்கம் ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1931இல் தேசிய சமூகப்பணி மாநாட்டுத் தலைவராகப் பேசியபோது அதை வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் வேலையின் பலனை எப்படியாவது அளந்து பாருங்கள், மதிப்பிடுங்கள். உங்கள் நம்பிக்கை, அடித்துப் பேசும் பேச்சு, எடுத்துக்காட்டாக ஒரு கேஸ் என்பவற்றைத் தாண்டி வேறு ஏதாவது ஒன்றின் மேல் அந்த அளவு நிற்கட்டும் என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டதன் சாரம்.

எடுத்துக்காட்டாக ஒரு கேஸ். நம்மிடமும் அது நிறையவே உண்டு. எந்தத் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பிரித்தாலும் நடுப்பக்கத்தில் ஒரு வெற்றிக்கதை இருக்கும். பள்ளியை விட்டு நின்ற பையன் மீண்டும் பள்ளிக்குப் போனான், பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று முடியும். அதில் பொய் ஏதும் இருக்காது. ஆனால் அந்தப் பையன் நம்மிடம் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்ற கேள்விக்கு அதில் பதிலும் இருக்காது. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று சொல்வார்களே, மருத்துவரான காபட்டுக்கு அந்தக் கணக்கு பழக்கப்பட்டது. தானாகவே ஆறக்கூடிய நோயில் மருந்துக்குப் பேர் கிடைத்துவிடும். சிறுவர்களின் சேட்டையும் பாதிக்கு மேல் அப்படித்தான், வயது ஏற ஏறக் குறையும்.

1934இல் ஷெல்டன் க்ளூக், எலினார் க்ளூக் தம்பதியின் ஆய்வு வெளியானது. பாஸ்டன் சிறார் நீதிமன்றத்துக்கு வந்து, அதனோடு இணைந்த மனநல மையத்தில் பரிசோதிக்கப்பட்ட ஆயிரம் சிறுவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. ஐந்து ஆண்டுக்குள் அவர்களில் 88 விழுக்காட்டினர் மீண்டும் தவறு செய்திருந்தார்கள். நகரத்திலேயே நல்ல பேர் வாங்கிய ஏற்பாட்டின் லட்சணம் அது. நீதிமன்றத்துக்கு வந்த பிறகு கை கொடுப்பது தாமதம், அதற்கு முன்பே தொடங்கினால் என்ன என்று காபட் நினைத்தார். மனைவி எல்லா லைமன் காபட் அதே ஆண்டு இறந்துபோனார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையே பணம் கொடுத்தது.

அவர் வைத்துக்கொண்ட கேள்வியை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: குற்றத்தின் பக்கம் சாயக்கூடிய ஒரு சிறுவனுக்கு, அக்கறையுள்ள ஒரு பெரியவரின் துணை ஆண்டுக்கணக்கில் கிடைத்தால், கிடைக்காதவனைவிட அவன் குறைவாகக் குற்றம் செய்வானா? கேள்வியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். யாருக்கு, என்ன, எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டு, எதில் மாற்றம் என்ற ஐந்தும் அதற்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இல்லை’ என்று பதில் வருவதற்கும் அதில் இடம் இருக்கிறது. “வளரிளம் பருவத்தினரின் பிரச்சினைகள் – ஓர் ஆய்வு” என்று நம் பிள்ளைகள் கொண்டுவரும் தலைப்புகளில் இல்லாதது அந்த இடம்தான். எந்த விடை வந்தால் நீ தோற்றாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஜோடி சேர்த்த விதம்

கேம்பிரிட்ஜும் சாமர்வில்லும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வு நடந்தது தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில். பள்ளிகள், நலவாழ்வு அமைப்புகள், தேவாலயங்கள், காவல்துறை என்று பல இடங்களில் பெயர்கள் கேட்டு வாங்கினார்கள். எல்லாம் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘கஷ்டம் கொடுக்கிற பையன்’களை மட்டும் கேட்காமல், சாதாரணப் பையன்களின் பெயர்களையும் சேர்த்தே கேட்டார்கள். திட்டத்தில் சேர்ந்தாலே கெட்ட பையன் என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்பது எண்ணம். தெருவில் ஒரு வேன் வந்து நின்றாலே ‘அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கு’ என்று பேச்சு கிளம்பும் இடத்தில் களப்பணி செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு சிறுவனைப் பற்றியும் தகவல் திரட்டினார்கள்: உடல்நிலை, அறிவுத்திறன், குடும்பம், அக்கம்பக்கம், ஆசிரியர் சொன்னது. மூன்று பேர் கொண்ட ஒரு குழு அதையெல்லாம் படித்து, இவன் வருங்காலத்தில் குற்றத்தில் இறங்க வாய்ப்பு எவ்வளவு என்று கூட்டல் ஐந்திலிருந்து கழித்தல் ஐந்து வரை மதிப்பெண் போட்டது. தொடக்க நிலைத் தரவு என்று நாம் சொல்வது இதைத்தான். கை வைப்பதற்கு முன் எப்படி இருந்தான் என்று எழுதி வைக்காவிட்டால், கை வைத்த பிறகு மாறினான் என்று சொல்ல வாய் இல்லை. எளிய விஷயம்தான், ஆனால் திட்டம் தொடங்கி ஆறு மாதம் கழித்து ‘பேஸ்லைன்’ எடுக்க ஓடும் கூத்து இன்னும் நின்றபாடில்லை.

பிறகு வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல், குற்ற வாய்ப்பு மதிப்பெண் ஆகியவற்றில் ஒருவனுக்கு ஒருவன் ஏறக்குறைய ஒத்துப்போகும்படி இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்தார்கள். 325 ஜோடிகள், 650 சிறுவர்கள். ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: அண்ணன் தம்பி இருவருமே பட்டியலில் இருந்தால், முதலில் வந்தவனுக்குக் காசு சொன்ன பக்கத்திலேயே மற்றவனும். ஒரே வீட்டில் ஒருவனுக்கு மட்டும் துணையாக ஒரு கவுன்சலர் வந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்கள்.

காசு சுண்டியதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஜோடி சேர்த்தாயிற்று, இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே, அதற்கு மேல் சீட்டுக் குலுக்கல் எதற்கு என்று கேட்கலாம். நாம் அளந்த விஷயங்களில்தான் அவர்கள் ஒரே மாதிரி. அளக்காதவை எத்தனையோ: பையனின் பிடிவாதம், அம்மாவின் மனநிலை, மாமன் ஒருவர் இருப்பதும் இல்லாததும். காசைக் கவுன்சலர் கையில் கொடுத்து, ‘நீயே ஒருவனைத் தேர்ந்தெடு’ என்றிருந்தால் என்ன செய்திருப்பார்? பாவம் இவனுக்குத்தான் தேவை அதிகம் என்று மோசமான நிலையில் இருப்பவனை எடுத்திருப்பார். அல்லது இவனோடு பேச முடியும் என்று இணக்கமானவனை எடுத்திருப்பார். முன்னதில் திட்டம் அநியாயமாகத் தோற்கும், பின்னதில் அநியாயமாக ஜெயிக்கும். காசுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது. நாம் அளக்காததையும், அளக்க நினைக்காததையும் அது இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகக் கொட்டிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், வாய்மொழித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இடறும் இடம் இது. சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுப்பது வேறு, சமவாய்ப்பு முறையில் குழு பிரிப்பது வேறு. கேம்பிரிட்ஜ், சாமர்வில் சிறுவர்கள் எல்லாரையும் ஒரு பட்டியலில் போட்டு அதிலிருந்து 650 பேரைக் குலுக்கி எடுக்கவில்லை. பிறர் சொன்ன பெயர்களிலிருந்தே எடுத்தார்கள். ஆகவே இந்த முடிவு ஊரில் உள்ள எல்லாச் சிறுவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்தவர்களைப் பிரித்தது காசு என்பதால், இரண்டு குழுவுக்கும் பின்னால் வந்த வேறுபாட்டுக்கு உதவியே காரணம் என்று சொல்ல முடியும். முதலாவது முடிவின் வீச்சைப் பற்றியது, இரண்டாவது காரணத்தைப் பற்றியது.

ஐந்தரை ஆண்டு

1939 மே மாதம் காபட் இறந்துபோனார். அடுத்த மாதம் வேலை தொடங்கியது.

உதவி பெற்ற சிறுவர்களின் சராசரி வயது அப்போது பத்தரை. சராசரியாக ஐந்தரை ஆண்டு, மாதம் இரண்டு முறை, கவுன்சலர் அவர்களைப் போய்ப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் மருத்துவ உதவியோ மனநல உதவியோ கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கினர் விஷயத்தில் குடும்பச் சிக்கலில் கவனம் செலுத்தினார்கள். கோடை முகாமுக்கு அனுப்பினார்கள், சாரணர் இயக்கத்தில் சேர்த்தார்கள், விளையாட்டுப் பார்க்கக் கூட்டிப்போனார்கள், மரவேலை கற்றுத் தந்தார்கள், சிலருக்குக் கார் ஓட்டக்கூடக் கற்றுக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரு நிதி நிறுவனத்துக்குத் திட்ட முன்மொழிவு எழுதினால் இதைவிட அதிகமாக எழுத ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டுக் குழுச் சிறுவர்கள், அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உதவி கொடுக்காமல் விட்டவர்கள், தங்களைப் பற்றிய தகவல் கொடுத்ததோடு சரி.

ஆனால் களம் நினைத்தபடி இருக்கவில்லை. எப்போது இருந்திருக்கிறது? இரண்டாம் உலகப்போர் வந்து கவுன்சலர்களில் சிலரை இழுத்துக்கொண்டது; ஒரே சிறுவன் கை மாறிக் கை மாறிப் போனான். அவர்களில் சமூகப்பணி படித்தவர்களும் உண்டு, படிக்காதவர்களும் உண்டு. இதுதான் முறை, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கையேடு எதுவும் இல்லை. ஒருவர் பாடத்தில் கவனம் செலுத்தினார், இன்னொருவர் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தார். வேலைச் சுமை, வீடு மாறிப் போனது போன்ற காரணங்களால் 325 பேர் 253 ஆகக் குறைந்தார்கள். ஒருவன் விலகினால் அவனுடைய ஜோடியையும் ஒப்பீட்டிலிருந்து எடுத்தார்கள்; அதனால் பின்னாளில் பேசப்படுவது 253 ஜோடிகள், 506 பேர்.

இதனால் ஆய்வு கெட்டுவிடவில்லை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி மாறிவிட்டது. ‘இன்ன முறையிலான தனிநபர் சமூகப்பணி பலன் தருமா’ என்று இனி கேட்க முடியாது. ‘நல்ல மனமுள்ள பெரியவர்கள், அவரவருக்குத் தோன்றிய வழியில், பல ஆண்டு செய்த உதவி பலன் தந்ததா’ என்று கேட்கலாம். யோசித்துப் பார்த்தால் நாம் செய்யும் வேலைக்கு நெருக்கமான கேள்வி இரண்டாவதுதான்.

அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காகக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தவுடன் கவுன்சலர் நடந்ததை வாய்மொழியாகச் சொல்ல, அது தட்டச்சாகி ஃபைலில் சேர்ந்தது. வீட்டில் யார் இருந்தார்கள், அப்பா என்ன சொன்னார், பையன் எப்படி நடந்துகொண்டான் என்று எல்லாம். இருபது, முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் வந்து அந்த ஃபைலைப் புரட்டுவார் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது. ‘வீட்டுச் சந்திப்பு மேற்கொள்ளப்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று இரண்டு வரியில் முடிக்கும் நம் கேஸ் ஃபைலில் எதிர்கால ஆய்வாளருக்கு ஒரு மண்ணும் கிடைக்காது.

முதல் கணக்கு

1945 டிசம்பரோடு வேலை நின்றது. எட்வின் பவர்ஸும் ஹெலன் விட்மரும் கணக்குப் பார்த்து 1951இல் வெளியிட்டதுதான் முதலில் சொன்ன எண்கள். 96க்கும் 92க்கும் நடுவில் வித்தியாசம் என்று எதுவும் இல்லை.

அதே சமயம் கவுன்சலர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு சிறுவர்கள் நன்றாகவே பலன் பெற்றார்கள் என்றார்கள். சிறுவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் தங்களுக்கு உதவியாக இருந்தது என்று தாங்களாகவே சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் குழு என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அறிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மதிப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னேற்றம் கண்டனர், பயனாளிகள் திருப்தி தெரிவித்தனர், திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த மாதிரி வாக்கியங்களை நானே எழுதியிருக்கிறேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கவுன்சலர் தன் கண்ணால் பையன் மாறியதைப் பார்த்தார். ஆனால் அதே தெருவில் உதவியே பெறாத அவனுடைய ஜோடியும் அதே அளவுக்கு மாறியதை அவர் பார்க்கவில்லை. பார்க்க வாய்ப்பும் இல்லை.

264க்கு 218 என்ற வேறுபாடு அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பலன் தெரிய இன்னும் காலம் ஆகலாம் என்ற ஆறுதலும் இருந்தது. இருபது வயதுப் பையனை வைத்து முடிவு கட்டக் கூடாது, குடும்பம் குட்டி என்று ஆகட்டும், அப்போது தெரியும் விதைத்தது. நியாயமான வாதம்தான்.

முப்பது ஆண்டு கழித்து

குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் இந்த ஃபைல்களை 1950களிலேயே கையில் எடுத்தவர். 1975இல் அந்த 506 பேரையும் தேடிப் பிடிக்கும் வேலையைத் தொடங்கினார். அவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். நீதிமன்றப் பதிவு, மனநல மருத்துவமனைப் பதிவு, மதுப்பழக்கச் சிகிச்சை மையங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு, வாகனப் பதிவு, நகர முகவரிப் புத்தகம் என்று ஒன்று விடாமல் தேடி, 1979க்குள் 98 விழுக்காட்டினர் எங்கே இருக்கிறார்கள், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கணினித் தேடல் எதுவும் கைக்கு வராத காலத்தில்.

இந்த 98 என்ற எண்ணுக்காக மெனக்கெட்டதன் காரணம் வேறு. கிடைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கிடைக்காமல் போனவர்கள் யார் என்ற கேள்வி நிற்கும். சிறைக்குப் போனவன், ஊரை விட்டு ஓடியவன், செத்துப்போனவன்தான் முதலில் கை நழுவுவான். அவர்களை விட்டுவிட்டால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும்.

உதவி பெற்றவர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார். பதில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். என்னைச் சரியான வழியில் திருப்பிவிட்டது, இல்லாவிட்டால் குற்ற வாழ்க்கைக்கே போயிருப்பேன், மனிதர்களை நம்பக் கற்றுக்கொண்டேன் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். சிலர் தங்கள் கவுன்சலரின் பெயரை அத்தனை ஆண்டு கழித்தும் நினைவில் வைத்திருந்தார்கள்.

பதிவேடுகள் வேறு கதை சொல்லின. 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, சிறு வயதில் குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கை இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மீண்டும் குற்றம் செய்தது, மதுவுக்கு அடிமையான அறிகுறி, கடுமையான மனநோய், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள நோய்கள், தாழ்ந்த நிலை வேலை, வேலையில் மனநிறைவின்மை இவற்றில் உதவி பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். அதுவரை இறந்தவர்கள் இரண்டு குழுவிலும் 24 பேர் வீதம். உதவி பெற்றவர்களில் இறந்தவர்களின் சராசரி வயது 32, மற்றவர்களில் 38. நல்லது நடந்தது என்று காட்டும் வேறுபாடு ஒன்றுகூட இல்லை.

உதவவில்லை என்பதைத் துறை எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தது. கெடுத்தது என்பதை விழுங்க முடியவில்லை. பல விஷயங்களை ஒப்பிட்டால் சிலவற்றில் தற்செயலாகவே வேறுபாடு வரும் என்றார்கள், அது சரியான எதிர்வாதமே. நூறு முறை காசு சுண்டினால் எங்காவது நான்கு தடவை தொடர்ந்து பூ விழத்தான் செய்யும். ஆனால் தற்செயல் என்றால் வேறுபாடுகள் இரண்டு பக்கமும் சிதறியிருக்க வேண்டும். இங்கே எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

மெக்கார்ட் அதோடு நிற்கவில்லை. உதவிதான் கெடுத்தது என்றால், உதவி அதிகமாகச் சேர்ந்த இடத்தில் கெடுதலும் அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? பார்த்தார். நீண்ட காலம், நெருக்கமாக உதவி பெற்றவர்களிடம் கெடுதல் கூடுதலாகத் தெரிந்தது. கவுன்சலரோடு ஒத்துழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் ஜோடியைவிட மோசமானார்கள். ஒத்துழைக்காமல் கதவைப் பாதி திறந்தபடி பேசி அனுப்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஜோடிக்கும் வேறுபாடு இல்லை. மருந்தைக் குடிக்காதவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சோதனையில் அவர் கையாண்ட ஒழுங்கும் முக்கியம். 1957இல் ஃபைல்களைப் படித்துக் குடும்பச் சூழலை வகைப்படுத்தியவர்களுக்கு அந்தச் சிறுவன் பின்னாளில் என்ன ஆனான் என்பது தெரியாது. தெரிந்திருந்தால், ‘பின்னால் திருடனானவனின் அப்பா’ என்ற கண்ணோடுதான் ஒவ்வொரு வரியையும் படித்திருப்பார்கள்.

ஏன் கெட்டது

இதற்கு உறுதியான விடை கிடையாது. மெக்கார்ட் பல சாத்தியங்களைச் சொன்னார். கவுன்சலரின் நடுத்தர வர்க்க மதிப்பீடுகளும் வீட்டின் மதிப்பீடுகளும் மோதி, பையன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கலாம். வெளியாளை நம்பியே பழகிவிட்டு, அவர் போனதும் தடுமாறியிருக்கலாம். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு வாழ்க்கை அதைக் கொடுக்காமல் போயிருக்கலாம். உதவி தேவைப்படுகிற ஆள் நான் என்ற எண்ணமே மனத்தில் படிந்திருக்கலாம்.

பின்னாளில் இன்னொரு விளக்கம் வலுவானது. 1999இல் மெக்கார்ட், தாமஸ் டிஷியன், பிரான்சுவா பூலின் என்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒருமுறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடம்தான் கெடுதல் குவிந்திருந்தது என்று காட்டினார்கள். மேற்பார்வை தளர்ந்த இடத்தில் ஒரே வயதுப் பையன்கள் கூடும்போது, யார் அதிகம் வம்பு செய்தான் என்ற கதைக்குத்தான் சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கும். திருத்த அனுப்பிய இடமே பள்ளிக்கூடமாகிவிடுகிறது. சிறார் இல்லங்களில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நான் இந்த விளக்கத்தை நம்பச் சாய்கிறேன், ஆனாலும் மாணவர்களிடம் ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்வேன். திட்டத்தில் யார் என்பதைக் காசு முடிவு செய்தது. முகாமுக்கு யார் என்பதைக் கவுன்சலர் முடிவு செய்தார். ஏற்கெனவே சிக்கலில் இருந்த பையனைத்தான் ‘ரெண்டு மாசம் வெளியில் இருந்துட்டு வரட்டும்’ என்று அனுப்பியிருக்கலாம். ஜோடியோடு ஒப்பிடுவது அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது, முழுதாக அடைப்பதில்லை. ஒரே ஆய்வுக்குள்ளேயே ஒரு முடிவு கெட்டியாகவும் இன்னொன்று இளகியும் இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் பகுப்பாய்வு அத்தியாயம்.

யாரும் கேட்காத அனுமதி

இந்தக் குடும்பங்கள் உதவி கேட்டு வரவில்லை. ஆசிரியரோ போலீஸ்காரரோ பெயர் கொடுத்தார், அதன் பேரில் ஒருவர் கதவைத் தட்டினார். பங்கேற்பவரிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுவது என்ற இன்றைய விதி அப்போது கிடையாது. மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய அவர்களின் ஒப்புதல் வேண்டும் என்று சொன்ன 1947இன் நியூரம்பர்க் நெறிகளே பின்னால் வந்தவை. அவரவர் முடிவை அவரவர் எடுக்கும் உரிமை என்று சமூகப்பணியின் முதல் பாடத்திலேயே படிக்கிறோமே, அதற்கு இங்கே இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டுப்பாட்டுக் குழுவைப் பற்றி வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும். “தேவைப்படுகிற பையனுக்கு வேண்டுமென்றே உதவாமல் விட்டது தப்பில்லையா, சார்?” நல்ல மனத்திலிருந்து வரும் கேள்வி. உதவி நல்லதே செய்யும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட மனத்திலிருந்து வரும் கேள்வியும்கூட. இந்த நிகழ்வில் காசு யாருக்குப் பாதகமாக விழுந்தது என்று திருப்பிக் கேட்பேன்.

தொடராய்வுக்கும் இதே வகைச் சிக்கல் உண்டு. நாற்பத்தைந்து வயது ஆள், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். அவர் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம்: சிறு வயதில் நீங்கள் குற்றத்தடுப்புத் திட்டத்தில் இருந்தீர்கள். கடிதத்தை மனைவி பிரித்துவிட்டால்? நம் ஊரில் போன் செய்து, “எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து பேசுகிறேன்” என்று யார் எடுத்தாலும் சொல்லிவிடும் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன். வினாப்பட்டியலின் முதல் கேள்விக்கு முன்பே ஆய்வு ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

கடைசிக் கணக்கு

மெக்கார்ட் 2004இல் மறைந்தார். பிராண்டன் வெல்ஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதே 506 பெயர்களை மீண்டும் எடுத்து, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து 72 ஆண்டு வரையிலான பதிவுகள் அவை. அந்தச் சிறுவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்திருந்தார்கள். ஆயுளைப் பொறுத்தவரை இரண்டு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 24க்கு 24 என்ற சிறு எண்ணில் 32, 38 என்று நடுவயதில் தெரிந்த இடைவெளி, முழு வாழ்நாளையும் கணக்கில் எடுத்தபோது நிற்கவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். அப்படியானால் உதவி கெடுக்கவில்லைதானே, சார்? சாவைப் பொறுத்தவரை இல்லை. மது, மனநோய், மீண்டும் மீண்டும் குற்றம் என்ற மற்றவற்றை இந்தக் கணக்கு தொடவே இல்லை. அவை மெக்கார்ட் எழுதி வைத்தபடியே இருக்கின்றன.